கடைசி மெர்ஸ்டன்

“தர்மம், மிஷன், அந்தக் கதையெல்லாம் வேண்டாம். அடுத்த பக்கத்துக்குப் போ,” என்றார் கிழவர்.

றோஸ்மேரி புரட்டவில்லை. இலங்கையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் மெர்ஸ்டன் வீட்டார் பணம் அனுப்பிவந்ததாக இந்தப் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. எப்போது வாசித்தாலும் அந்த இடத்தில்தான் நிறுத்துவார்.

சிஞ்ஞோர் மெர்ஸ்டனுக்குக் கண் போய்விட்டது. பாட்டன் வைன் வியாபாரத்துக்காகப் பலெர்மோவுக்கு வந்தவராம். இப்போது மிச்சம் இருப்பது இந்தப் பெரிய வீடும், இங்கிலாந்துக் கோயிற்பற்றுகளின் பழைய வரலாறுகளும், தீராத பெயர்ப் பித்தும்தான். காலையில் அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்டு, மத்தியானம் வரை அவள் அந்தத் தடித்த புத்தகங்களை வாசிக்க வேண்டும்.

எந்த மெர்ஸ்டன் எந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றான், எந்த வயலுக்காக வழக்காடினான், எல்லாம் வேண்டும் அவருக்கு. அவள் மட்டும் வெறும் றோசா. ஐந்து வருடமாகப் பதிவில்லாத வேலை. அவளுடைய பாஸ்போர்ட்டைக் கேட்க வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை.

இந்த மாதத்தோடு அவளுடைய பெர்மெஸ்ஸோ, தங்குவதற்கான அனுமதி, முடிகிறது. வேலை ஒப்பந்தம் காட்டாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். பிறகு இந்த நாட்டில் இருக்க முடியாது.

“உள்ளதைச் சொல்லிக் கேளுமன். மனுசன் இளகும்,” என்று காலையில் பல்லரோச் சந்தைக்குப் புறப்படும்போது தவராசா சொன்னான்.

புருசன் பேச்சைப் பாதிதான் கேட்டாள். கிழவரிடம் ஒப்பந்தத்தை மட்டும் கேட்டாள்.

“என் பெயரை ஒரு வேலைக்காரியின் பெயருக்குப் பக்கத்தில் எழுதி ஏதோ ஒரு அலுவலகத்தில் கொடுப்பதா? எழுநூறு வருடத்துப் பெயர், றோசா.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் இந்த எழுநூறு வருடத்தின் பின்புறத்தைக் கழுவிவிட்டது எந்தக் கை?

கிழவருக்கு அது எங்கே தெரியப்போகிறது. அவர் தன் துக்கத்துக்குள் போய்விட்டார்.

“என்னோடு முடிகிறது இந்தப் பெயர். சாகிற நேரத்தில் கையைப் பிடிக்க ஒரு மெர்ஸ்டன் இல்லை.”

றோஸ்மேரி புத்தகத்தை அடித்து மூடினாள்.

தவராசா சொன்ன ‘உள்ளது’ நுனிநாக்கில் வந்து நின்றது. சொன்னால் இன்றைக்கே கையெழுத்து விழும். பக்கத்தில் உட்காரவைத்து அழுதாலும் அழுவார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. ஐந்து வருடம் தூக்கி இருத்திய கைக்குக் கிடைக்காத கையெழுத்து, அதற்காகக் கிடைப்பதா? அவளுக்கு வேண்டாம்.

“அந்த மிஷன் பிள்ளை எங்கட பூட்டன்,” என்றாள். தமிழில்.

“என்ன சொன்னாய்?”

“ஒன்றுமில்லை, சிஞ்ஞோர்.”

சோறு போட்ட வீட்டாரின் பெயரைத்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தின்போது சூட்டினார்கள். பிள்ளைகள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்.

கிழவரின் கை போர்வைக்கு மேலே நீண்டு, வழக்கம்போல அவளுடைய கையைத் தடவித் தேடியது.

றோஸ்மேரி மெர்ஸ்டன் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.