மேம்பாலம் இல்லாத ஞாயிறு

"மாப்பிள்ளைக்கு முன்மண்டையில முடியே இல்லியாம்," என்று கூடத்திலிருந்து அப்பா கத்தினார்.

"போட்டோவுல இருந்துச்சே," என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

"அது பழைய போட்டோவாம். தரகர் ஏகாம்பரம் இப்பதான் போன்ல உளறுனாரு."

ஹேமா நடு அறையில் புடவை மடிப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் கோபமில்லை. அந்த வீட்டில் பேச்சே அப்படித்தான்.

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது இந்த மாடிக்குக் குடிவந்தார்கள். ஜன்னலுக்கு எட்டடி தள்ளி மேம்பாலம். லாரி, பஸ், ஆம்புலன்ஸ். பக்கத்தில் உட்கார்ந்து உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். மெதுவாகப் பேசுகிற குடும்பங்களை அவள் சினிமாவில்தான் பார்த்திருக்கிறாள்.

பத்தொன்பது வருடம் அப்படி.

பிறகு ஊருக்கு வெளியே புதுச்சாலை வந்தது. லாரிகள் அங்கே போயின. பாலத்தை இடிக்க ஒரு வருடம். அந்த இடத்தில் மரம் வைத்த சாலை போட இன்னொரு வருடம். அதுவரை இடிக்கிற சத்தம், தோண்டுகிற சத்தம்.

நேற்றுதான் தடுப்புகளை எடுத்தார்கள்.

கீழே இப்போது ஒடுக்கமான சாலை. இரண்டு பக்கமும் அகலமான நடைபாதை. புங்கங்கன்றுகள். உட்கார சிமெண்டு பெஞ்சு. ஒன்று சரியாக இவர்கள் வீட்டுக்கு அடியில்.

காலையில் அம்மா ஜன்னலைத் திறந்தாள். திறக்க அப்பா சுத்தியல் எடுத்துவர வேண்டியிருந்தது.

காற்று வந்தது. சத்தம் போய்விட்டது.

இந்த வீட்டுத் தொண்டைகளுக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

"முடியப் பாத்தா ஆவுமா? இவளுக்கும் முப்பத்தொண்ணு ஆச்சு," என்று அம்மா கத்தினாள். "எனக்கு மாப்பிள்ளையோட அம்மாவ நெனச்சாதான் யோசனையா இருக்கு. போன்லயே மாமியார் மாதிரிப் பேசுது."

"நானும் இங்கதான் இருக்கேன்," என்று அவள் கத்தினாள். "முடி இல்லன்னா பரவால்ல. இல்லன்னு சொல்லாம வர்றாங்களே, அதான் புடிக்கல."

"ஹேமா, ஆறு மணிக்கு அவங்க வந்ததும் நீ மெதுவாப் பேசணும்," என்று அம்மா கத்தினாள்.

"தெரியும்."

அவளுக்கு நன்றாகவே தெரியும். இதுவரை நான்கு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நான்கு பேரும் ஒரே காரணத்தைத்தான் சொல்லியனுப்பினார்கள்.

பொண்ணு சத்தமாப் பேசுது.

ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று மெதுவாகப் பேசிப் பழகினாள். உதடு அசைந்தது. பேச்சு வரவில்லை.

"அந்த அம்மாவுக்கு சுகராம்," என்று அப்பா கத்தினார். "ஸ்வீட்டு வைக்காத."

யாரோ இருமினார்கள்.

வீட்டுக்குள்ளேயே இருமியது போல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அவள் பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

கீழே பெஞ்சில் மூன்று பேர். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மாள். தொப்பி வைத்த ஒருவன். நடுவில் பழமும் பூவும் வைத்த பை. மல்லிகையை எறும்பு கண்டுபிடித்து, வரிசைகட்டி ஏறிக்கொண்டிருந்தது.

வந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

மணி ஐந்தே கால். ராகுகாலம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம். அது முடியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கட்டட நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பட்டுப்புடவை அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல் சொன்னாள்.

"ஸ்வீட்டு ஒண்ணு சாப்பிடலாம்மா. டாக்டர் சொல்லியிருக்காரு."

வீட்டுக்குள் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டு நின்றது.

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அப்பா மூச்சுவிடுவது கூட.

அவளுக்குக் காது சுட்டது. உள்ளே ஓடிவிடலாம். ஓடினால் ஐந்தாவது ஆளும் அதையேதான் சொல்லியனுப்புவான். இந்த முறை சாட்சியோடு.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழே தொப்பி வைத்தவன் எழுந்தான். அவளைப் பார்த்தான்.

தொப்பியைக் கழற்றினான்.

முன்னால் உண்மையிலேயே ஒன்றுமில்லை.

பிறகு, நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்பது போல், மெல்லத் திரும்பி நின்று பின்பக்கத்தையும் காட்டினான். அங்கே கொஞ்சம் இருந்தது.

அவள் வாயைப் பொத்துவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் சத்தமானது. எதிர்ச்சாரியில் நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

அவனும் சிரித்தான். வெள்ளைச் சட்டைப் பெரியவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கீழ வரட்டுமா?"

கேட்ட பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குப் புரிந்தது. இவ்வளவு சின்னதாக ஒரு குரல் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது.

அவன் "என்ன?" என்று திருப்பிக் கேட்கவில்லை.

பட்டுப்புடவை அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.

ஹேமா செருப்பை மாட்டினாள்.

படியில் இறங்கும்போது பின்னால் அம்மா ஏதோ சொன்னாள். ராகுகாலம் என்றா, புடவையைச் சரிசெய் என்றா, தெரியவில்லை.

மெதுவாகச் சொன்னாள்.

கேட்கவில்லை.