மேடு யாருக்கு

ஏரிக்குக் கீழே, எந்த மழைக்கும் தண்ணீர் ஏறாத மேடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யாருக்கு என்பதில் பெருச்சாளிக்கும் உடும்புக்கும் மூன்று தலைமுறைச் சண்டை.

ஒருநாள் வெள்ளைக்காரத் துரையின் நாய் வந்தது. "கோர்ட்டு கட்ட இடம் பார்க்கிறோம். வெள்ளம் ஏறாத இடமாக இருக்க வேண்டும்."

பெருச்சாளிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. இனி வழக்கு வாசலிலேயே தீர்ந்துவிடும். அடைமழையிலும் ஈரம் காணாத தன் வளையை அதுவே கூட்டிப்போய்க் காட்டியது. உடும்பும் விடவில்லை. "என் பொந்து இன்னும் உசரம், ஐயா" என்றது.

நாய் இரண்டையும் மோந்து பார்த்துத் தலையாட்டியது. மறுநாளே மேட்டின் தலையைச் சீவிக் கடைக்கால் தோண்டினார்கள்.

கட்டி முடியும்வரை இரண்டும் வயல் சேற்றில் கிடந்தன. ஐப்பசி மழையில் பெருச்சாளியின் குட்டிகள் ஒவ்வொன்றாக மிதந்துபோயின. "தீர்ப்பு வரட்டும்" என்று மிச்சமிருந்த குட்டியிடம் அது சொல்லிக்கொண்டே இருந்தது.

கோர்ட்டு திறந்த அன்று, நனைந்த உடம்போடு இரண்டும் படியேறின. வாசலில் நாய் படுத்திருந்தது.

"மேடு யாருக்கு என்று கேட்க வந்தோம், ஐயா" என்றது பெருச்சாளி.

நாய் எழுந்து சுற்றுமுற்றும் பார்த்தது.

"எந்த மேடு?"