மூங்கில் குருத்துப் புளிக்குழம்பு

வீட்டுக்கு ஒரு பண்பாடு என்று பதிவேட்டில் எழுதிப்போக, பன்மைத் துறை அதிகாரி வேலாயுதம் அடுப்படிக்கே வந்துவிட்டார். நாகாலாந்திலிருந்து மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அசெனோவின் புளிக்குழம்பில் மூங்கில் குருத்து மிதந்தது. அவர் கொண்டுவந்த மோப்பக் கருவி அதை முகர்ந்து ‘இதர’ என்றது.

“இதரன்னா உங்க பொண்ணுக்கு ஸ்கூல்ல இடமில்ல. தமிழா, நாகாவா, ஒண்ணச் சொல்லுங்கம்மா.”

“இருபது வருசமா இதான் சார் எங்க வீட்டுக் குழம்பு.”

“பன்மையக் காப்பாத்தணும்னா கலக்கக் கூடாதும்மா,” என்று உபதேசித்தவர், பசி தாளாமல் அங்கேயே தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். சப்பாத்தியும் அயிரை மீன் குழம்பும்.

பக்கத்திலிருந்த கருவி மறுபடியும் ‘இதர’ என்றது. வேலாயுதம் அவசரமாக அதை அணைத்தார்.

அசெனோ அவருக்குத் தண்ணீர் வைத்தாள். “உங்க வீட்டுக்கு என்ன சார் எழுதியிருக்கு?”

“தமிழ்.”

“யார் சார் எழுதுனது?”

அவர் சப்பாத்தியைப் பிய்த்தார். “நான்தான்.”