வெளிச் சத்தம்

"எதுனா பேசும்மே" என்று சொல்லிவிட்டு என் கணவர் சம்பத் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

தலையில் ஹெட்போன். பாட்டு எதுவும் ஓடவில்லை, வயரின் நுனி தரையில் கிடந்தது. நான் பின்னால் நின்று பேச வேண்டும். காதில் விழுந்ததை அவர் அப்படியே திருப்பிச் சொல்வார். அதுதான் பரீட்சை.

"பால் தீந்துட்ச்சி" என்றேன்.

"பால் தீந்துட்ச்சி" என்று சுவரிடம் சொன்னார். "முழுசா கேக்குது."

கழற்றி மடியில் வைத்து மறுபடி பிரிக்க ஆரம்பித்தார்.

ரிச்சி தெருவில் வாங்கி வந்த நாளிலிருந்து அந்த ஹெட்போனை அவர் சும்மா விட்டதில்லை. முதலில் இரண்டு பக்கக் கிண்ணத்தையும் திறந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பொம்மை செய்கிற களிமண்ணை ஓரமாக அப்பினார். டப்பா சத்தம் போய்விட்டது என்றார். பிறகு மெல்லிய வயரை வெட்டி எறிந்துவிட்டுத் தடி வயராகப் பற்றவைத்தார். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். கை சுத்தம்.

அப்புறம் அழகு. என் நகைப்பெட்டிக்குள் ஒட்டியிருந்த சிவப்பு வெல்வெட்டைக் கத்தரித்துக் காது மெத்தைக்கு உறை போட்டார். வெளிப்பக்கத்துக்கு என் நெயில் பாலிஷ். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அதைப் பூசிக்கொண்டு நான் எங்கே போகப் போகிறேன்?

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

பாக்கி இருந்தது ஒன்றுதான். வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாது.

எங்கள் வீடு புதுப்பட்டினத்தில், மீன் மார்க்கெட்டைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அங்கே நாய்கூடக் குரைக்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருப்பது இரண்டு பேர், அதில் ஒருவர் ஹெட்போனுக்குள். வெளிச் சத்தம் என்று மிச்சம் இருப்பது நான்தான்.

இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

மதுராந்தகத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டன் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா வீடும் அந்த ஊர்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இவரிடம்தான் சொல்லவில்லை. ஹெட்போன் தலையில் இருந்தால் அவருக்குக் கேட்காது. கையில் இருந்தால், ஸ்க்ரூ தொலைந்துவிடும், அப்புறம் பேசு என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் வரும் என்று நானும் காத்துக்கொண்டிருந்தேன்.

போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவேன். அவ்வளவு கேவலமாகத்தான் இருந்தது என் நிலைமை.

மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சை அவர் கிள்ளிக் கிள்ளித் திணித்தார். மூடினார். மாட்டினார். சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"பேசு."

இப்போது சொன்னால் கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். எப்படியானாலும் சொன்னதாக ஆகிவிடும். பால் தீர்ந்ததைச் சொன்ன அதே குரலில் சொன்னேன்.

"சனிக்கெழம நான் மதுராந்தகம் போறேன். அங்க ஒரு வேலை கெடச்சிருக்கு. இனிமே இங்க வரமாட்டேன்."

அவர் அசையவில்லை. திருப்பிச் சொல்லவும் இல்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பின்கழுத்தில் வியர்வை இருந்தது. முடி வெட்டிக்கொள்ள வேண்டிய நேரம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் அது எதற்கு எனக்குத் தோன்ற வேண்டும்?

கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சப்பென்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

மெதுவாகக் கழற்றினார். என் பக்கம் திரும்பவில்லை. வலது கிண்ணத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் இன்னும் கேட்டுகினுதான் கீது" என்றார்.

நான் நின்றேன். அடுத்த வார்த்தைக்காகத்தான் நின்றேன்.

அவர் பஞ்சு சுற்றி வந்த நீலக் காகிதத்தைப் பிரித்து உதறினார். அதில் ஒன்றும் இல்லை.

"பஞ்சு பத்தல. உன் தலகாணிய எட்தா. சனிக்கெழமைக்கி அப்பால அது எதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துத் தரச் சொல்கிற குரல்.

உள்ளே போய்த் தலையணையை எடுத்தேன். உறையைக் கழற்றினேன். அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மூலைத் தையலை நானே பிளேடால் பிரித்துவிட்டேன். கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தபோது, தலையைத் தூக்காமல், நல்ல பஞ்சு என்றார்.

உறை மட்டும் என் கையில் இருந்தது. அது அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டு வந்தது. உதறி, நான்காக மடித்து, ஊருக்கு எடுத்துப்போகிற பெட்டியைத் திறந்து அடியில் வைத்தேன்.