பணியாரத்துக்கு ஒரு மெத்தை

“குழந்தை இயேசுவோட படுக்கையிலயே கை வைக்கிறாங்க ஃபாதர்! இதைவிடப் பெரிய திருட்டு உண்டா?”

ஐரின் டீச்சருக்கு மூச்சு வாங்கியது. ஃபாதர் ஹென்றி கிறிஸ்துமஸ் குடிலை எட்டிப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை நிரம்பி வழிந்த தீவனத் தொட்டி இப்போது நன்றாக இளைத்திருந்தது.

மயிலாப்பூரில் இருக்கும் அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் ஏதாவது நல்ல காரியம் செய்தால், குடிலில் இருக்கும் தொட்டியில் ஒரு பிடி காய்ந்த புல் போடலாம். கிறிஸ்துமஸ் அன்று குழந்தை இயேசு சுரூபத்தை அந்தப் புல்லின்மேல்தான் கிடத்துவார்கள்.

வகுப்பு நடத்தும் ஐரின், இந்த வருஷம் தன் பங்குக்கும் கொஞ்சம் சட்டம் போட்டிருந்தாள். என்ன நல்ல காரியம் என்று எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். உடனே வகுப்பே கைதட்டும். அதோடு, குச்சி, முள் எல்லாம் பொறுக்கி எடுத்து, புல்லை மெத்தென்று ஆக்கித்தான் போட வேண்டும். ஆண்டவருக்குக் குத்திவிடக் கூடாது இல்லையா?

“எடுக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும் ஃபாதர். அந்த ஷெல்டன்தான். அவன் முயலுக்குக் கால்ல புண்ணாம். உங்ககிட்டகூட ஜெபம் பண்ணச் சொன்னானே! தொட்டியிலேர்ந்து கொஞ்சம் புல்லு எடுத்துக்கட்டுமா மிஸ்னு கேட்டான். ஆண்டவர் படுக்கிற புல்லு முயலுக்கான்னு நல்லா திட்டி அனுப்பினேன். இப்ப பாருங்க!”

“அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல டீச்சர்.”

சொல்லிவிட்டு ஃபாதர் சிரிக்க வேறு செய்தார். ஐரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் கொடுக்கிற செல்லம்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது ஷெல்டனின் அம்மா டெல்பின்.

“வாங்க டீச்சர், வாங்க! என்ன சாப்பிடறீங்க?”

ஐரின் உள்ளே நுழைந்தாள். அவள் கண் ஹால் மூலைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு அகலமான அட்டைப்பெட்டி. உள்ளே கனமாகப் புல். அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஒரு முயல், ஜமீன்தார் மாதிரி காலை நீட்டிப் படுத்திருந்தது.

“இதான் பணியாரம்” என்றாள் டெல்பின் பெருமையாக. “கம்பிக் கூண்டுலயே இருந்து உள்ளங்கால் ரெண்டும் புண்ணாயிடுச்சு டீச்சர். பாவம், தரையில கால் வைக்கவே அழுதுச்சு. முதல்ல அந்தக் கூண்டைத் தூக்கிப் போடுங்கன்னாரு அடையாறு டாக்டர். பேப்பர் விரிச்சோம், வழுக்குச்சு. துண்டு போட்டோம், நூல் நகத்துல மாட்டிக்கிச்சு. மரத்தூள் புண்ணுல ஒட்டிக்கும், வேண்டாம்னுட்டாரு. குத்தாத காஞ்ச புல்லைக் கனமாப் போட்டு, ஈரம் பட்டா உடனே மாத்தணுமாம். கடையில வாங்கின புல்லுல பாதி குச்சிதான்.”

“அதுக்காகக் கோயில்லயே திருடறதா?”

“மிஸ், நான் தொடக்கூட இல்ல!” உள்ளேயிருந்து ஓடி வந்தான் ஷெல்டன். கண்ணில் தண்ணீர் முட்டியது. “நம்ம கிளாஸ் பசங்கதான் ஒவ்வொருத்தரா வந்து குடுத்துட்டுப் போனாங்க.”

“கிளாஸ் பசங்களா? அவங்களுக்கு ஏது இவ்வளவு புல்லு?”

“அவங்கவங்க தொட்டியில வெச்சதுதான் மிஸ்.”

“நல்ல காரியம் பண்ணிட்டு வெச்ச புல்லை எதுக்குடா திருப்பி எடுக்கணும்?”

ஷெல்டன் அம்மா முகத்தைப் பார்த்தான். “பயப்படாம சொல்லுப்பா” என்றாள் டெல்பின்.

“அவங்க ஒரு நல்ல காரியமும் பண்ணலியாம் மிஸ். எல்லாரும் கை தட்டுவாங்கன்னு சும்மா சொல்லிட்டுப் போட்டாங்களாம். கிறிஸ்துமஸ் பாவசங்கீர்த்தனம் வந்துச்சில்ல, அப்ப ஃபாதர்கிட்ட பொய் சொன்னதைச் சொல்லியிருக்காங்க. ‘பொய் சொல்லிப் போட்ட புல்லை எடுத்துட்டுப் போய் பணியாரத்துக்குப் போடு, அதான் உனக்குப் பரிகாரம்’னுட்டாராம் ஃபாதர்.”

ஐரின் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை ஃபாதர் யாரிடமும் சொல்ல முடியாது. அவர் ஏன் சிரித்தார் என்று இப்போது புரிந்தது.

“பாருங்க மிஸ்!”

பணியாரம் பெட்டியை விட்டு வெளியே குதித்தது. ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தரத்தில் ஒரு துள்ளு துள்ளி, மறுபடி மெத்தையில் போய் விழுந்தது. ஐரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவ்வளவு அழகான புல்லைப் போய் இத்தனை நாள் குடிலில் பூட்டி வைத்தோமே என்றுகூடத் தோன்றியது.

“முக்கால்வாசி ஆறிடுச்சு டீச்சர்” என்றாள் டெல்பின். “இன்னும் கொஞ்ச நாள் இதே மாதிரி மெத்தை இருக்கணும்னாரு டாக்டர். அதான் கவலை. பசங்களோட புல்லு இதோட தீர்ந்துபோச்சு.”

ஐரின் எழுந்து, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. ஷெல்டன் கதவைத் திறந்தான். ஐரின் டீச்சர்! கையில் ஒரு பெரிய துணிப்பை, அதில் வாய்வரை புல்.

“ஐயோ, இவ்வளவா! இதெல்லாம் யார் வெச்ச புல்லு மிஸ்?”

“நான் வெச்சதுதான். பக்கத்து ஏரியா கோயில் தொட்டியைவிட நம்மது நிறைஞ்சு தெரியணும்னு, யாரும் இல்லாதப்ப நானே அள்ளி அள்ளிப் போட்டேன். இப்பதான் பாவசங்கீர்த்தனம் முடிச்சுட்டு நேரா வர்றேன். வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதடா, கீழே ஸ்கூட்டர்ல இன்னும் ரெண்டு பை இருக்கு, வந்து தூக்கு!”