மூன்றாவது பொத்தான்

பழைய ஜீப்பின் ஆக்சிலை மாற்றி, ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் காற்றுப் பைகளைப் பொருத்த ரகுபதிக்கு நான்கு மாதம் பிடித்தது. முதல் பொத்தான் மலைப்பாதைக்காக வண்டியை உயர்த்தியது. இரண்டாவது தார்ச்சாலைக்கு. மூன்றாவதை அழுத்தியதும் ஜீப் பெருமூச்சு விட்டபடி, ஏறுபவரின் காலடிவரை தாழ்ந்தது.

"இது யாருக்குங்க?" என்றாள் அவன் மனைவி சாருமதி. அவள் அவனைவிட இரண்டு அங்குலம் உயரம்.

"உனக்குத்தான். சேலை கட்டிக்கிட்டு ஏற வேண்டாமா?"

"நான் சேலை கட்டி எட்டு வருஷமாச்சு."

ரகுபதி துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைத்தான். சாருமதி முதல் பொத்தானை அழுத்தினாள். ஜீப்பின் தளம் அவள் இடுப்புயரத்துக்கு எழும்பி நின்றது. சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இனிமே இப்படியே நிக்கட்டும். சேலை கட்டினவ எப்படி ஏறுறான்னு நானும் பார்க்கிறேன்."