தூங்கினால் எழாது

லேப்டாப்பைத் திறந்தேன். மறுபடியும் கருப்பு.

உள்ளே விசிறி ஓடுகிறது. பட்டன்களுக்கு அடியில் விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றுமில்லை.

"நாசமாப் போறவனுங்க" என்று கத்தினேன். திட்டு, திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் சிப்பைச் செய்த கம்பெனிக்காரனுக்கு. எந்த ஊரில் இருக்கிறானோ, அவனுக்குப் புரையேறியிருக்க வேண்டும்.

லேப்டாப் என் மனைவி மலர்விழியுடையது. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு நாற்காலி, சோபா, கட்டில் என்று முப்பரிமாணப் படங்கள் வரைந்து கொடுக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. தினமும் மதியம் இரண்டு மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது வேறு விஷயம்.

அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பு. அங்கே எல்லாம் லினக்ஸில்தான் ஓடுகின்றன, எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. இது ஒன்றுதான் அடங்காப்பிடாரி. மூடினால் தூங்கும். தூங்கினால் எழாது.

காரணம் டிரைவர், அதாவது அந்தச் சிப்பை ஓட்டும் மென்பொருள். இலவச டிரைவரைப் போட்டால் சமர்த்தாகத் தூங்கி எழும், ஆனால் மலரின் சோபா ஒரு பக்கம் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சிப் கம்பெனிக்காரன் டிரைவரைப் போட்டால் சோபா பம்பரமாகச் சுற்றும், தூங்கியதும் கதை முடிந்தது. உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறான் என்று யாரும் பார்க்கக் கூடாதாம். காசு கொடுத்து வாங்கியது நாங்கள், பூட்டுப் போட்டு வைத்திருப்பது அவன். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தூங்கப் போகும் முன் சிப்பின் நினைவில் இருப்பதைப் பத்திரப்படுத்தச் சொல்லி ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். போன வாரமே மாற்றினேன். மூடித் திறந்தால் எழுந்தது. இரண்டு நாளில் பழையபடி கருப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் நான் செய்த மாற்றத்தையே காணோம்.

அப்டேட் வந்து துடைத்துவிட்டது என்று நினைத்தேன். அப்டேட்டையே நிறுத்திவிட்டு மறுபடி மாற்றினேன். மறுபடி காணோம். போய்த் தொலை, நீ தூங்கவே வேண்டாம் என்று தூக்கத்தையே அணைத்து வைத்தேன். அதுவும் பழையபடி திரும்பிவிட்டது.

மண்டை காய்ந்துபோனது. என் பெண்டாட்டியின் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறான், அவனா நானா பார்த்துவிடுகிறேன் என்று இன்றைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மலர் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். திரும்பப் போட்டு, அமைப்பை மாற்றி, பாதி வரைந்திருந்த சோபாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூடினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தேன்.

வந்துவிட்டது. சோபா அப்படியே நின்றது.

"பாத்தியா! இனி எப்ப வேணா மூடிப்போட்டு எந்திரிக்கலாம். போ, மொதல்ல ஒரு காப்பி வெச்சுக் கொண்டா."

மலர் எழுந்திருக்கவில்லை. சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. குமாரசாமி பெரியப்பா, கூட இரண்டு பேர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். மல்லசமுத்திரம் வரை வந்தவர் எங்கள் வீட்டை எட்டிப் பார்க்காமல் போக மாட்டார். முன்னறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"மலரு, அந்தப் பொட்டிய மூடிப்போட்டு வா சாமி. எல்லாருக்கும் சோறாக்கோணும்."

மணி பன்னிரண்டு. சோபாவுக்கு இன்னும் ஒரு கை முளைக்கவில்லை.

"மூட முடியாதுங்க அத்தை" என்றாள் மலர். "உட்டுப்போட்டு எந்திரிச்சாலே தூங்கிப்போயிருது. தூங்குனா மறுக்கா எந்திரிக்காதுங்க. செஞ்ச வேலையெல்லாம் போயிரும்."

என் கண் முன்னால் சொன்னாள். இப்போதுதான் நான் மூடித் திறந்து காட்டிய லேப்டாப்புக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, குரல் கூட மாறாமல் சொன்னாள்.

அடுத்த நொடி ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாக என் மாற்றங்களைத் துடைத்து என்னைக் கேனையனாக்கியது அப்டேட் இல்லை, இவள். கேட்டுவிட வாயைத் திறந்தேன்.

"பாழாப்போன பொட்டி. இருங்க, நானே ஆக்கறேன்" என்று அம்மா அடுப்படிக்குப் போகும் சத்தம் கேட்டது.

திறந்த வாய் அப்படியே நின்றது.

'வேலை இருக்குதுங்க' என்று மலர் இந்த வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுச் செய், துணியை எடுத்துப் போட்டுவிட்டுச் செய் என்றுதான் பதில் வரும். அவளுக்கு வேலை இருக்கிறது என்றபோது யாரும் காதில் வாங்கவில்லை. லேப்டாப் செத்துவிடும் என்றதும் எல்லோரும் பயந்தார்கள். சரியானதும் முதல் வேலையாகக் காப்பி கேட்டவன் நான்.

பெரியப்பா கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி மணிமாறா, நாங்க லாரிக்கே பாடி கட்டி ரோட்ல உடறோம். பள்ளிக்கோடத்துல அத்தன கம்ப்யூட்டர் பாக்கறவனுக்கு ஊட்ல இருக்கற ஒண்ணச் சரி பண்ண முடியலியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். என் காது சூடேறியது. லினக்ஸ் விஷயத்தில் என்னை ஒருவர் கேலி செய்துவிட்டுப் போனதாக இதுவரை சரித்திரம் இல்லை.

மலர் என்னைப் பார்த்தாள்.

"முடியலீங்க பெரியப்பா" என்றேன். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிப் பாத்துட்டேங்க. இது சரியாகாதுங்க."